இரண்டு மணி ஷிப்டு

எடைமேடையில் லாரி ஏறி நின்றவுடனே எண் நின்றுவிடாது. சின்னத் திரையில் சிவப்பு எழுத்துகள் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் என்ஜினை அணைக்க வேண்டும், இறங்கித் தள்ளி நிற்க வேண்டும், டேங்கராக இருந்தால் உள்ளே இருக்கும் எண்ணெயின் அலைச்சலும் அடங்க வேண்டும். அதற்கு முன்பே அவசரப்பட்டுப் பொத்தானை அழுத்தினால் சீட்டில் தப்பான எடை விழுந்துவிடும். சாதாரண லாரிக்கு அரை நிமிடம், டேங்கருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகும். மணலி சாலையோரம் ஒரு தனியார் எடைமேடையில் பத்து வருடங்களாக அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான். அந்த அரை நிமிடங்களிலும் இரண்டு நிமிடங்களிலும் நான் செய்ததெல்லாம் கைபேசியைத் தேய்த்தது, கொட்டாவி விட்டது, வெளியே நிற்கும் வண்டி வரிசையைப் பார்த்து அலுத்துக்கொண்டது. அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே திரையைப் பார்த்தபடி, எனக்கு அடுத்த ஷிப்டுக்காரர் கதை எழுதினார். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில் பிறந்தவர், ஆனால் படகில் ஏறினால் வாந்தி எடுப்பவர். "மீன் புடிக்கிறவன் புள்ளைக்குக் கடலு ஒத்துக்கல, இன்னா பண்றது" என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வார். எனக்குக் காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணிவரை வேலை. அவருக்கு இரண்டு மணியிலிருந்து பத்து மணிவரை. நாங்கள் சேர்ந்திருந்தது ஷிப்டு மாறும் பத்து நிமிடம்தான். பைக்கை வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு அவர் உள்ளே வரும்போது மணிக்கட்டில் பெரும்பாலும் ஒரு பெண்பிள்ளையின் ரப்பர் பேண்டு இருக்கும், கழற்ற மறந்திருப்பார். அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தது பெண், அடுத்தது இரட்டைப் பையன்கள். அண்ணி மீன் விற்பவர்; விடியுமுன்பே காசிமேட்டு மீன் ஏலத்துக்குக் கிளம்பிவிடுவார். அதனால் காலை முழுக்க அண்ணன் பொறுப்பு. "மூணு பேரையும் குளிப்பாட்டி, மூணு டப்பா கட்டி, ரெண்டு ஜடை பின்னி இஸ்கூல்ல வுட்டுட்டு வர்றதுக்குள்ள ஒரு மனுசன் ரெண்டு தபா செத்துப் பொயைக்கணும் நைனா" என்பார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அலுப்பைப் பார்த்ததில்லை.

என் கதை வேறு. எனக்கு ஒரே மகள், இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மனைவி வீட்டில் இருக்கிறாள். மகளைப் பள்ளியில் விடுவது, அழைத்து வருவது, வீட்டுப்பாடம் எழுத வைப்பது எல்லாம் அவள்தான். கல்லூரியில் ஒரு கவிதைப் போட்டியில் நான் முதல் பரிசு வாங்கியவன். அன்றிலிருந்து மனத்துக்குள் நான் எழுத்தாளன். யாராவது "இப்போ எழுதறதில்லையா" என்று கேட்டால் "நேரம்தான் கிடைக்கல" என்று சொல்வேன். மகள் பிறந்த பிறகு அந்தப் பதிலுக்கு ஒரு மரியாதையே கிடைத்துவிட்டது; கேட்பவர்கள் அனுதாபத்தோடு தலையாட்டினார்கள். எழுதுவதற்கென்று ஜன்னலோரம் ஒரு மேசை வேண்டும் என்று நச்சரித்து வாங்கவும் வாங்கினேன். அதில் இப்போது இஸ்திரிக்குப் போக வேண்டிய துணியும் மகளின் கலர் பென்சிலும் குடியிருக்கின்றன. அண்ணனிடமும் இதே பல்லவியைப் பாடியிருக்கிறேன். எழுத ஆசை, நேரமில்லை, ஒரு நாவலே மண்டைக்குள் இருக்கிறது என்றெல்லாம். அவர் கவனமாகக் கேட்டுக்கொள்வார். தானும் எழுதுவதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒரு நாள் காலை பிரிண்டருக்கு ரிப்பன் தேடி மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். அடியில் ஒரு கிளிப்பில் கற்றையாக வீணாய்ப்போன எடைச்சீட்டுகள் இருந்தன. தாள் சிக்கியோ எண் தப்பாகவோ விழுந்து நாங்கள் தூக்கிப் போடுகிற சீட்டுகள். பின்பக்கமெல்லாம் பொடிப்பொடியான கையெழுத்து. எழுத்து அங்கங்கே பாதி வாக்கியத்தில் நின்று, அடுத்த வரியில் வேறு அழுத்தத்தில் தொடர்ந்தது. ஒரு சீட்டில் இரட்டையர்களில் ஒருவன் வரைந்த கப்பல். சீட்டின் முன்பக்கம் தேதியும் நேரமும் அச்சாகியிருக்கும் என்பதால் எந்தப் பக்கம் எந்த நாளில் எழுதியது என்பதுகூட எனக்குத் தெரிந்தது. மூன்று மாதமாக நடந்திருக்கிறது. துறைமுகத்துக்குள் போக வரிசையில் இரண்டு நாளாக நிற்கும் ஒரு டிரெய்லர் ஓட்டுநரின் கதை. வண்டிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சமைக்கிறான், முன்னால் நிற்கும் வண்டிக்காரனோடு உப்புக்காகச் சண்டை போடுகிறான், ஊரில் பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும் வேளையில் போனில் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது, அந்த உப்புச் சண்டைக்காரனிடமே போய் நிற்கிறான். எனக்கு முன்னால் தினமும் ஐம்பது ஓட்டுநர்கள் இறங்கி நின்றிருக்கிறார்கள். அவர்களில் ஒருவனையும் நான் பார்த்ததில்லை என்பது அந்தச் சீட்டுகளைப் படித்தபோதுதான் தெரிந்தது. கதை நன்றாக இருந்தது. மோசமாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

அடுத்த சில மாதத்தில் அந்தக் கதை ஒரு சிறு பத்திரிகையில் வந்தது. அண்ணன் பத்திரிகையை ஒரு பாலிதீன் பையில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார். "அச்சுல என் பேரப் பாத்துட்டு எங்க வூட்டுப் பசங்க நம்பவே இல்ல நைனா. வேற யாரோன்னு சொல்லுதுங்க" என்று சிரித்தார். "சூப்பர் அண்ணே" என்றேன். என் வாய்தான் சொன்னது. படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போய் பஸ்ஸிலேயே படித்தேன். ரசிப்பதற்காகப் படிக்கவில்லை, குறை தேடினேன். இரண்டு இடத்தில் குறை கிடைத்தது. திருவொற்றியூர் நிறுத்தத்தில் இறங்கும்போது மனம் கொஞ்சம் லேசாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் மகள் ஓடி வந்து ஒரு பாட்டைச் சொல்லிக் காட்ட ஆரம்பித்தாள். "அப்பா யோசிச்சிட்டு இருக்கேன் இல்ல" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

அந்த வாரம் முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். எல்லாவற்றுக்கும் அந்த ஷிப்டுதான் காரணம். காலையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கழுத்தை அறுக்கும். மாலையிலோ கனரக வண்டிகளை ஊருக்குள் விடமாட்டார்கள். இரண்டு மூன்று மணி நேரம் எடைமேடை காலியாகக் கிடக்கும். அவருக்குக் கிடைத்த அந்த நேரம் எனக்குக் கிடைத்திருந்தால் நான் நாவலே எழுதியிருப்பேன். மூன்று பிள்ளைகளோடு அவர் ஒரு கதை எழுதினால் ஒரு பிள்ளையோடு நான் எத்தனை எழுதலாம் என்று என்னென்னவோ கணக்கெல்லாம் போட்டேன். டேங்கரின் இரண்டு நிமிடத்தில் அவர் எழுதினார் என்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சூப்பர்வைசரிடம் போய், மனைவிக்கு மணலியில் வேலை கிடைத்திருக்கிறது, காலையில் மகளைப் பள்ளியில் விட ஆளில்லை, இரண்டாவது ஷிப்டு வேண்டும் என்று சொன்னேன். பொண்ணு சின்னது என்று ஒருமுறை அழுத்தியும் சொன்னேன். பிள்ளை விஷயம் என்றதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னார். அண்ணன் ஒரு நிமிடம் நெற்றியைத் தேய்த்தார், பிறகு "பொம்பளப் புள்ள. பாவம், ஒயுங்கா இஸ்கூலு போய்ச் சேரணும் இல்ல. நான் பாத்துக்கறேன் சார்" என்றார்.

எங்கள் பிள்ளைகள் ஒரே பள்ளியில்தான் படித்தார்கள். அதுவரை அங்கே காலையில் என் மனைவியை அவர் பார்த்ததுண்டு. ஆனால் இனி அந்த நேரத்தில் அவர் எடைமேடை நாற்காலியில் இருப்பார், எதையும் பார்க்கப் போவதில்லை என்று நான் தைரியமாக இருந்தேன். அவர் பிள்ளைகளை இனி யார் கொண்டுவந்து விடுவார்கள் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. என் நினைப்பெல்லாம் அந்த மாலை நேரத்தில் இருந்தது. நான் காலையில் வீட்டில்தான் இருந்தேன். இருந்தும் மகளைப் பள்ளிக்கு நான் அழைத்துப் போகவில்லை. எழுத உட்காரப் போகிறேன் என்று மேசையிலிருந்து துணியை எல்லாம் எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வேன். மனைவி சத்தம் போடாமல் மகளுக்கு ஷூ மாட்டிக் கூட்டிக்கொண்டு போவாள். நான் பேனாவைத் திறந்து மூடுவேன், காபி குடிப்பேன், பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டுக் கிளம்புவேன். மாலையில் எடைமேடை காலியாக இருக்கும். கைபேசியில் மற்றவர்கள் எழுதியதைப் படித்து அவர்கள் மேலும் பொறாமைப்படுவேன். ஆறு மாதம் இப்படிப் போனது. அந்த ஆறு மாதமும் மாலை நேரத்தில் என் மகளுக்கு அப்பா இல்லை.

அண்ணன் எழுதுவதை நிறுத்திவிட்டார். தினமும் நான் போனதும் முதல் வேலையாக இழுப்பறையைத் திறந்து பார்ப்பேன். புதுச் சீட்டு ஒன்றும் இருக்காது. முதல் மாதம் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆக, அவருக்கும் வாய்த்தது நேரம்தான், திறமை ஒன்றும் பெரிதாக இல்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். இரண்டு மணி அடித்ததும் அவர் அவசரமாகப் பையைத் தூக்குவார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகளை அழைக்கப் போக வேண்டும். ஒருமுறை "எழுதறதில்லையா அண்ணே" என்று கேட்டேன். என் குரலில் அக்கறை இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். "அத்த வுடு நைனா. காலைல வண்டி வுட மாட்டேங்குது, சாயங்காலம் பசங்க வுட மாட்டேங்குது. பெருசாவட்டும், பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்தார். ஒரு மனிதனால் இவ்வளவு சாதாரணமாக அதை ஒதுக்கி வைக்க முடிகிறதே என்று அதற்கும் எனக்கு எரிச்சல் வந்தது. எழுதவும் முடியாமல் விடவும் முடியாமல் நான் பன்னிரண்டு வருடமாக அல்லாடுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனேன். தேரடிப் பக்கம் அண்ணி உட்கார்ந்திருந்தார். தட்டில் கண் மங்கிப்போன சங்கராவும் ஒரு கைப்பிடி நெத்திலியும் இருந்தன. எனக்கு முன்னால் ஒரு அம்மாள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு எழுந்து போனார். அண்ணியின் தட்டில் அப்படிப்பட்ட மீனை நான் பார்த்ததே இல்லை. அவர் மீன் என்றால் துள்ளும், வாடிக்கைக்காரர்கள் காத்திருந்து வாங்குவார்கள். "இன்னா அண்ணி, இன்னிக்கி நல்ல மீன் இல்லியா?" என்று கேட்டேன். "ஏலத்துக்குப் போனாத்தான நல்ல மீனு? நாலு பேரு சேந்து கூடையை எடுத்து அங்கியே கூறு போட்டுப்போம். ஆறு மாசமா நான் போவல. என் எடத்துல வேற ஒருத்தியச் சேத்துகினாளுங்க. அவளுங்க கயிச்சத வாங்கியாந்து குந்திகினு கீறேன்" என்றார். ஏன் என்று நான் கேட்காமலே பதில் வந்தது. "காலைல பசங்கள இஸ்கூலுக்கு யாரு இட்டுகினு போறது, சொல்லு?" அவர் என்னை நேராகப் பார்த்துத்தான் அதைச் சொன்னார். நான் அந்தச் சங்கராவை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அன்று மாலையே எண்ணூருக்கு பஸ் ஏறினேன். அண்ணன் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டுகளுக்கு பிரவுன் ஷீட் போட்டுக்கொண்டிருந்தார். இரட்டையர்கள் லேபிள் ஒட்டுவதற்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் உட்காரக்கூட இல்லை. "அண்ணே, என் வீட்டுக்காரிக்கு வேலை எதுவும் கெடைக்கல. சூப்பர்வைசர்கிட்ட பொய் சொல்லித்தான் ஷிப்டு வாங்குனேன்" என்றேன். அவர் அட்டையின் மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டே, "தெரியும் நைனா. மொத வாரமே தெரியும்" என்றார். அடுப்படியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது: "டெய்லி இஸ்கூல் கேட்டாண்ட உன் வூட்டுக்காரியப் பாக்குறேனே தம்பி. வேலைக்கிப் போவலியாமான்னு கேட்டேன். இல்லக்கா, அவரு காலைல எயுதக் குந்திடுறாரு, அதான் நான் இட்டாறேன்னு சொல்லிச்சி." என் மனைவி அதைப் பெருமையாகச் சொல்லியிருப்பாள். அவளுக்கு என் பொய் எதுவும் தெரியாது.

"தெரிஞ்சும் ஏன் அண்ணே கேக்கல?" என்றேன். "கேட்டா நீ எயுதறத வுட்டுடுவ. எம்மா நாளா சொல்லிகினு கீற, டைம் இல்ல டைம் இல்லன்னு. நமக்கு அப்புறம் பாத்துக்கலாம், உனுக்காவது கெடைக்கட்டும்னு வுட்டுட்டேன்." அவர் இதைத் தியாகம் போலச் சொல்லவில்லை. பஸ்ஸில் இடம் விட்டவர் சொல்வதுபோலச் சொன்னார். "இவுரு பெரிய தர்மபிரபு. போனது என் ஏலம்" என்றார் அண்ணி உள்ளேயிருந்து. அண்ணன் என்னைப் பார்த்தார். கண்ணில் அப்படி ஒரு ஆவல். "அத்த வுடு. எம்மாந்தூரம் வந்துக்குது? எவ்ளோ எய்திக்கீற?"

பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ள முடிந்த எனக்கு, எழுதவில்லை என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதுவும் அவரிடம். "முடிச்சிட்டேன் அண்ணே. அதான் ஷிப்டைத் திருப்பிக் குடுக்கலாம்னு வந்தேன்" என்றேன். அவர் கையிலிருந்த நோட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "கேட்டியாடி, முடிச்சிட்டானாம்! உன் ஆறு மாசம் சும்மா போவல!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். பத்திரிகையில் தன் பெயர் வந்தபோதுகூட அவர் இவ்வளவு குதிக்கவில்லை. பொறாமை என்பது இந்த ஆளுக்குத் தெரியவே தெரியாதா என்று நினைத்தேன். அந்த இடத்திலும் அவர் மேல் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார். அவர் சிரிக்கவில்லை. "இவுரு எயுதுறத எல்லாம் நான்தான் மொதல்ல படிக்கிறது. உன்னுதையும் எங்கிட்டதான் குடுக்கணும். ஏலத்த வுட்டுக்கீறேன் இல்ல. இன்னா எய்திக்கீறன்னு நான் பாக்கணும்" என்றார்.

மறுநாளே சூப்பர்வைசரிடம் சொல்லி ஷிப்டை மாற்றிக்கொண்டோம். அண்ணி காசிமேட்டுக்குப் போகிறார். பழைய நாலு பேர் இன்னும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தனியாக நின்று சின்னக் கூடையாக எடுக்கிறார் என்று அண்ணன் சொன்னார். இரண்டாவது வாரமே இழுப்பறையில் புதுச் சீட்டுகள் சேர ஆரம்பித்துவிட்டன. நேற்றுவரை பதினேழு. எண்ணித்தான் பார்த்தேன், வயிறு பழையபடி எரிந்தது, அதில் ஒரு குறையும் இல்லை. தினமும் இரண்டு மணிக்கு அவர் வந்ததும் முதல் கேள்வி, "எங்க நைனா, குடு. எங்க வூட்ல கேட்டுகினே கீது." சுத்தமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் நாலு பக்கம்தான் என்று நாளைத் தள்ளினேன்.

அப்படித் தள்ளிய நாட்களின் மாலைகளில்தான் இதை எழுதினேன். மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து மகள் வாய்ப்பாடு எழுதுகிறாள். அழிரப்பர் கேட்கிறாள், தண்ணீர் கேட்கிறாள், "அப்பா, என்ன எழுதற, எனக்குப் படிச்சிக் காட்டு" என்று காகிதத்தைப் பிடித்து இழுக்கிறாள். எரிந்து விழாமல் இருக்கப் பார்க்கிறேன், முக்கால்வாசி நாள் முடிகிறது. கல்லூரிக் கவிதைக்குப் பிறகு நான் எழுதி முடித்தது இது ஒன்றுதான். கதையுமில்லை, நாவலுமில்லை. நாளைக்கு இரண்டு மணிக்கு அண்ணன் கையில் கொடுத்துவிடப் போகிறேன். அவர் பிரிக்காமல் பையில் வைத்துக்கொண்டு போய் வீட்டில் கொடுப்பார்.

அண்ணி, அந்த ஆறு மாதத்தில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை.